பத்துப் பிள்ளைகளும் ஒரு பட்டறையும்



"தோட்டத்துப் பிள்ளைக்குப் பால் வெட்டத் தெரிந்தால் போதாதா?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பணக் கணக்கு இருந்தது. இன்று அதைச் சற்றே பார்ப்போம்.

ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அதற்கு முந்திய ஆண்டுதான் இந்தியா, 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்வழி, கடல் கடந்த தன் தொழிலாளர் நலனைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. ஆள் வரவு நின்றால் தோட்டம் நின்றுவிடும் அல்லவா? பள்ளிகள் எழுந்தன. ஆனால் செலவு செய்பவருக்குப் படித்த பிள்ளையால் லாபம் இல்லை. ஆகவே பல இடங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர். சில இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர்.

அதே காலத்தில் பட்டணங்களில் வேறொரு கதை நடந்தது. அங்கே இயந்திரம் பழுது பார்க்க ஆட்கள் தேவைப்பட்டனர். 1926இல் கோலாலம்பூரிலும், 1930இல் ஈப்போவிலும், 1931இல் நம் ஜொகூர் பாருவிலும், 1932இல் பினாங்கிலும் தொழிற்பள்ளிகள் தோன்றின. தொழில் கற்பிக்கக் கரும்பலகை மட்டும் போதாது; கடைசல் இயந்திரம் வேண்டும், பற்றவைக்கும் கருவி வேண்டும், கைப்பிடித்துக் கற்றுத்தரும் பயிற்றுநர் வேண்டும். எனவே, செலவு அதிகம், இடமோ குறைவு. லயத்துப் பிள்ளைக்கு அந்த வாசல் வெகு தூரம்.

சுதந்திரத்திற்குப் பிறகு வாசல் அகன்றது. 1962இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீங்கியது. 1965 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமலே பிள்ளைகள் மூன்றாம் படிவம் வரை படிக்க முடிந்தது. எண்ணிக்கை பெருகியதும் அரசாங்கத்தின் செலவும் பெருகியது. 1977இல் பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. சுற்றிலும் ஆலைகள் வந்தன. ஆலை வந்த இடத்தில் கைத்தொழில் கற்றவனுக்கு மதிப்பும் வந்தது.

ஆக, பள்ளிக்குப் பணம் ஒதுக்க வைப்பவை மூன்று: சட்டம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வேலைச் சந்தையின் தேவை. ஆனால், ஒதுக்கிய இடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது நான்காவது ஒன்று. அதுதான் பெற்றோரின் மனம்.

2012 முதல் தொழிற்பள்ளிகள் தொழிற்கல்லூரிகளாக மாறின. குளுவாங், பத்து பகாட், மூவார், சிகாமட் ஆகிய நம் ஊர்களிலேயே அவை உள்ளன. மூன்றாம் படிவம் முடித்தவர் அங்கே நான்கு ஆண்டுகளில் டிப்ளோமா பெறலாம். இருந்தும், "படிப்பு ஏறாதவன் போகும் இடம்" என்ற பேச்சு நம் வீடுகளில் ஓயவில்லை.

பெற்றோரே, அன்று பள்ளிக்கூடம் வேண்டாம் என்றவர்கள் பிறர். இன்று பட்டறை வேண்டாம் என்று சொல்பவர் நாமாக இருக்கலாமா? மூன்றாம் படிவப் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்றிரவே அவனிடமோ அவளிடமோ உட்கார்ந்து பேசுங்கள்.