சட்டகம் செய்தவர்கள்

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. திருவொற்றியூரும் அதற்கு வடமேற்கிலுள்ள சத்தியவேடும் அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2018இல் அந்த மண்டலத்தில் ஹீரோ மோட்டோகார்ப் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய மாவட்டத்தின் இரு முனைகளும் இவ்வாறு மோட்டார் சைக்கிளின் நிலமாயின. ஆயினும் இத்தொழிலின் வரலாறு பேசப்படும்போது இயந்திரமும் நிறுவனத்தின் பெயரும் முன்னிற்கின்றன. அவற்றைத் தாங்கும் சட்டகம் பேச்சில் இடம்பெறுவதே அரிது.

தமிழில் 'சட்டம்' என்னும் சொல் சன்னலின் மரச்சட்டத்தையும் குறிக்கும், அரசின் விதியையும் குறிக்கும். பட்டறையில் 'சேசிஸ்' எனப்படும் மோட்டார் சைக்கிள் சட்டகத்துக்கு இரு பொருளும் பொருந்தும். அது இயந்திரத்தைத் தாங்குகிறது. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும் என்ற விதியையும் காக்கிறது. வளைவில் வண்டி சாயும்போது சட்டகம் முறுகினால் சக்கரங்கள் வெவ்வேறு திசை நோக்கும். எவ்வளவு வலுவான இயந்திரமும் அப்போது பயன்படாது.

இந்த உண்மையிலிருந்தே சிறு சட்டகப் பட்டறைகள் பிறந்தன. இங்கிலாந்தின் நியூ மில்டனில் டெரெக், டான் ரிக்மன் சகோதரர்கள், தாமே பந்தயத்தில் ஓட்டிய வண்டிகளின் குறை கண்டு, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சொந்தச் சட்டகம் செய்யத் தொடங்கினர். மெல்லிய எஃகுக் குழாய்களை வெண்கலத்தால் பற்றவைத்து நிக்கல் பூசினர். சட்டகத்தையும் பாகங்களையும் தொகுப்பாக விற்றனர். இயந்திரத்தை வாங்குபவரே தேடிக்கொண்டார். அவ்வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் 'மெட்டிஸ்'. பிரெஞ்சில் அதற்குக் கலப்பில் பிறந்தவள் என்பது பொருள். ஒருவரின் இயந்திரமும் வேறொருவரின் சட்டகமும் கூடிப் பிறந்த வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திராது.

1970இல் இங்கிலாந்து என்ஃபீல்டின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. அதன் 736 சிசி இன்டர்செப்டர் இயந்திரங்கள் ஏறத்தாழ இருநூறு, அமெரிக்க வணிகர் ஃபிளாய்டு கிளைமருக்காகச் செய்யப்பட்டிருந்தன. அவ்வாண்டு சனவரியில் அவர் காலமானார். கேட்பாரற்றுக் கிடந்த அந்த இயந்திரங்களை ரிக்மன் சகோதரர்கள் பெற்றுத் தம் சட்டகங்களில் ஏற்றினர். அவ்வாறு உருவான நூற்றுச் சில்லறை வண்டிகளைப் பழைய வண்டிப் பிரியர்கள் இன்றும் வாஞ்சையோடு பேணுகின்றனர். தாய் நிறுவனம் மறைந்த பின்னும் இயந்திரத்துக்கு வாழ்வளித்தது ஒரு சிறு பட்டறை. அதே ஆண்டுகளில் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து உருவாகிக்கொண்டிருந்தது.

1970களில் சப்பானிய இயந்திரங்களின் ஆற்றல் அவற்றின் சட்டகங்களை விஞ்சியபோது இப்பட்டறைகளின் தேவை மேலும் பெருகியது. 1972இல் ஹெர்ட்ஃபோர்டில் தோன்றிய ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் அவற்றுள் ஒன்று. 1992இல் யமஹா தன் 500 சிசி பந்தய இயந்திரத்தைத் தனியார் அணிகளுக்கு வழங்க முன்வந்தபோது, அதற்குச் சட்டகம் செய்யத் தேர்ந்த இரு நிறுவனங்களுள் ஹாரிஸும் இருந்தது. பின்னர் பெருநிறுவனங்கள் தாமே நல்ல சட்டகம் செய்யக் கற்றுக்கொண்டன; சிறு பட்டறைகள் பல தேவையற்றுப்போயின.

ஹாரிஸின் கதை சென்னைக்குத் திரும்பியது. பழைய புல்லட்டில் இயந்திரத்துக்கு அடியில் குழாய் ஓடாது. முன்குழாயையும் பின்பகுதியையும் இயந்திரமே இணைக்கும். 2013இல் வந்த கான்டினென்டல் ஜிடிக்கு, இயந்திரத்தை இருபுறமும் தொட்டில் போல் ஏந்தும் சட்டகத்தை ஹாரிஸ் வடிவமைத்தது. 2015இல் ராயல் என்ஃபீல்டு அந்நிறுவனத்தையே வாங்கியது. 2018இல் இன்டர்செப்டர் என்ற பெயர் 650 சிசி வண்டியில் மீண்டும் விற்பனைக்கு வந்தபோது அதன் சட்டகத்திலும் ஹாரிஸின் கை இருந்தது. முதல் இன்டர்செப்டர் அநாதையான பின் ஒரு சட்டகப் பட்டறையில் அடைக்கலம் பெற்றது. இரண்டாவது, தன் சட்டகப் பட்டறையோடு பிறந்தது.

ஆனால் வாங்குபவர் காணும் பெட்ரோல் டேங்கில் ஹாரிஸின் பெயர் இல்லை. ரிக்மன் சகோதரர்கள் தம் பெயரை வண்டியில் பொறித்தனர். பெருநிறுவனத்துக்குள் சேரும் சட்டகக் கலைஞர் பெயரை இழக்கிறார். திருவொற்றியூர் நிலையும் இதுவே. அங்கே டேங்கில் கையால் பொன்னிறக் கோடு இழுத்தவர்களைப் பத்திரிகைகள் கொண்டாடின; குழாயை வளைத்துப் பற்றவைத்தவர்களுக்கு அந்த வெளிச்சம் கிட்டவில்லை. கோடு கண்ணுக்குத் தெரியும். பற்றுவைப்பின் மேல் வண்ணம் மூடிவிடும்.

அரசின் பதிவேடு மட்டும் சட்டகத்தை மறப்பதில்லை. இயந்திரம் மாறினாலும் வண்டியை அடையாளப்படுத்துவது அதன் சேசிஸ் எண்ணே. அந்த எண் வண்டி எது எனச் சொல்லும். செய்தவர் யார் எனச் சொல்லாது. திருவொற்றியூர் முதல் சத்தியவேடு வரையிலான இத்தொழில் நிலத்தின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்க முனைவோர் பற்றவைப்புக் கூடத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஓய்வுபெற்ற அந்தக் கைகள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டால்தான் சேசிஸ் எண்களுக்குப் பின்னால் பெயர்களும் சேரும்.