பழைய வன்வட்டிலிருந்து புதிய கணினிக்கு: தமிழ்க் கோப்புகளின் இடமாற்றமும் 2010 கோவை அரசாணையும்

பழைய கணினியின் வன்வட்டில் உள்ள நிரல்களையும் கோப்புகளையும் புதிய கணினிக்கு மாற்றுவது உலகெங்கும் நடைபெறும் வேலை. தமிழில் இவ்வேலைக்குத் தனியான ஒரு வரலாறு உண்டு. 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகளில் பெரும்பாலானவை, அவற்றை உருவாக்கிய மென்பொருளும் எழுத்துருவும் இல்லாத கணினியில் திறந்தால் படிக்க இயலாதவை. கொங்கு நாட்டில் மட்டும் எத்தனையோ குலதெய்வக் கோயில் வரலாறுகள், கும்பாபிஷேக மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், உள்ளூர் ஆய்வாளர்களின் கல்வெட்டுப் படிகள் கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி அச்சகங்களின் கணினிகளில் இவ்வாறு தட்டச்சாயின. கணினி மாறியபோது அவற்றின் நிலை என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள். இதில் முக்கியமான திருப்பம் 2010 ஜூன் 23 அன்று கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில் ஏற்பட்டது.

நகலெடுத்தால் ஏன் போதாது?

டாஸ் இயங்குதளம் இருந்த காலத்தில் இடமாற்றம் எளிது. வேர்டுஸ்டார் போன்ற ஒரு நிரலின் கோப்புகள் பெரும்பாலும் ஒரே அடைவில் இருந்தன. அந்த அடைவை நெகிழ்வட்டில் நகலெடுத்து, புதிய கணினியில் இட்டால் நிரல் ஓடியது.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்த பின் நிலைமை மாறியது. ஒரு நிரலை நிறுவும்போது அதன் ஒரு பகுதி தன் அடைவிலும், சில பகுதிகள் விண்டோஸின் பொது அடைவிலும், அமைப்புக் குறிப்புகள் ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டிலும், எழுத்துருக்கள் தனியே ஓர் அடைவிலும் சென்று அமர்ந்தன. நிரலின் அடைவை மட்டும் நகலெடுப்பது, சோமனூரில் ஒரு விசைத்தறியைப் பெயர்த்துக் கொண்டுவந்து, மோட்டாரையும் பட்டையையும் பழைய கொட்டகையிலேயே விட்டுவருவதைப் போன்றது. தறி வந்து சேரும், ஓடாது. நிறுவல் குறுந்தகட்டிலிருந்து மீண்டும் நிறுவுவதே வழி. அந்தக் குறுந்தகடு பத்தாண்டு கழித்தும் கைவசம் இருக்கும் அலுவலகங்கள் குறைவு.

இந்திய மொழி மென்பொருள்கள் சிலவற்றுக்கு இன்னொரு தடையும் இருந்தது. திருட்டு நகலைத் தடுக்க, கணினியின் அச்சுப்பொறித் துளையில் செருகும் ஒரு சிறு பூட்டை நிறுவனங்கள் உடன் கொடுத்தன. பூட்டு இல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது. புதிய கணினிகளில் அந்தத் துளையே இல்லாமற் போயிற்று. மேலும் 16 பிட் காலத்து நிரல்கள் 64 பிட் விண்டோஸில் இயங்குவதில்லை. முறையாகப் பணம் கொடுத்து வாங்கியவரே தம் கோப்பைத் திறக்க முடியாமல் நின்றது இதில் உள்ள வேடிக்கை.

எழுத்துருவுக்குள் அடைபட்ட தமிழ்

ஆங்கிலக் கோப்புக்கு நிரல் போனாலும் எழுத்து மிஞ்சும். தமிழுக்கு அந்த வசதி இல்லை. 1980களின் நடுப்பகுதியில் கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு, 1990களில் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் வெளியிட்ட மயிலை எழுத்துரு எனத் தமிழ்க் கணிமை பல இடங்களில் தனித்தனியே வளர்ந்தது. கணினியில் அப்போது கிடைத்தவை 256 இடங்கள். அவற்றில் எந்த இடத்தில் எந்தத் தமிழ் எழுத்தை வைப்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்தனர்.

பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்து சேமித்தால், கோப்பில் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுத்துக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசையாகத் தெரியும். டிஸ்கி, டாப் ஆகிய குறியாக்கங்களில் தமிழ் எழுத்துகள் 128க்கு மேற்பட்ட இடங்களில் இருந்ததால், எழுத்துரு இல்லாதபோது ஐரோப்பிய மொழிகளின் ஒலிக்குறி இட்ட எழுத்துகள் வரிசையாக நின்றன. வன்வட்டில் கோப்பு பத்திரமாக இருக்கும். ஒரு பைட்டுகூடக் கெட்டிராது. ஆயினும் அது தமிழ்தான் என்று கணினிக்குச் சொல்ல ஆளில்லை.

இதை ஒழுங்குபடுத்தும் முயற்சி 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் மேற்கொள்ளப்பட்டது. தமிழ் மட்டும் கொண்ட டாம், தமிழும் ஆங்கிலமும் கொண்ட டாப் என இரு குறியாக்கங்களும், தமிழ்99 விசைப்பலகையும் அங்கிருந்து வந்தன. விசைப்பலகை நிலைத்தது. குறியாக்கங்களோ, ஏற்கெனவே இருந்த பலவற்றோடு மேலும் இரண்டாகச் சேர்ந்தன என்றே சொல்ல வேண்டும். அச்சகங்கள் கைப்பழக்கம் ஆகிவிட்ட எழுத்துருவை விடவில்லை.

ஒருங்குறி எனப்படும் யூனிகோடு 1991 அக்டோபரில் வெளியான தன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளித்திருந்தது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் என்பது அதன் அடிப்படை. ஆனால் அதைத் திரையில் காட்டும் வசதி விண்டோஸ் 2000 பதிப்பில்தான் லதா எழுத்துருவுடன் வந்தது. அடுத்து வந்த எக்ஸ்பியிலோ சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளைப் பயனரே தனியாக நிறுவ வேண்டியிருந்தது. அதற்கும் எக்ஸ்பி குறுந்தகட்டைத் தேட வேண்டும்.

கோவை, ஜூன் 2010

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டைக் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் தொடங்கி வைத்தார். முதலமைச்சர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு நடத்திய இம்மாநாட்டை நகர மக்கள் பெரும்பாலும் ஊர்வலத்தையும் கூட்டத்தையும் வைத்தே நினைவில் வைத்திருக்கின்றனர். அதே நாள்களில் அங்கேயே ஒன்பதாவது தமிழ் இணைய மாநாடும் நடந்தது. உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தைச் சேர்ந்தவர்கள் அதில் கலந்துகொண்டனர். மாநாட்டையொட்டித் தமிழ் விக்கிப்பீடியாவுடன் இணைந்து கல்லூரி மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டியையும் அரசு நடத்தியது.

தொடக்க நாளன்று வெளியான அரசாணை, அரசின் தமிழ்க் கணினிப் பணிகளுக்கு ஒருங்குறியைத் தர நிர்ணயமாக அறிவித்தது. ஒருங்குறி இயங்காத மென்பொருள்களுக்கு மாற்றாக டேஸ்16 என்னும் குறியாக்கத்தையும் ஏற்றது. இதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. ஒருங்குறியில் ‘கோ’ என்பது ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு எண்கள், டேஸ்16இல் ஒன்றே. இலக்கண நோக்கில் அது பொருத்தமானது என்று வாதிட்ட அறிஞர்கள் பலர். ஆனால் டேஸ்16 ஒருங்குறியின் தனிப் பயன்பாட்டுப் பகுதியில் அமைந்திருக்கிறது. அப்பகுதியை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம். எனவே உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பும் கட்டம் கட்டமாகவே தெரியும். இடமாற்றம் என்ற அளவில் பார்த்தால், பழைய சிக்கல் புதிய உடையில் வந்தது போலத்தான்.

மாற்றும்போது நேரும் பிழைகள்

அரசாணை இனி எழுதப்போவதற்கு வழி சொன்னது. ஏற்கெனவே எழுதியதை மாற்றித் தந்தவை, பெரும்பாலும் தன்னார்வலர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கிய மாற்றிகள். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் மாற்றி ஆகியவை பரவலாகப் பயன்பட்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தொடக்கத்தில் பழைய குறியாக்கங்களில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது.

மாற்றம் எண்ணுக்கு எண் மாற்றுவதோடு முடிவதில்லை. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனச் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால். மாற்றி இதை இடம் மாற்றி அடுக்க வேண்டும். பாமினிக் கோப்பில் இடையே வரும் ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் தமிழாக மாறிக் குழம்பிவிடும். ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒரே வடிவம் என்பதால் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்று மாறிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. பழைய கோப்புகளிலிருந்து இணையத்துக்கு வந்த பக்கங்களில் இப்பிழை இன்றும் உண்டு. கணினி மாற்றியதோடு நில்லாமல் மெய்ப்புப் பார்த்தவர்களின் கோப்புகளே தப்பின.

அச்சகங்களில் மாற்றம் மெதுவாகவே நடந்தது. அங்கே வேலை செய்தது பேஜ்மேக்கர். 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. ஒருங்குறித் தமிழை அது அறியாது. எக்ஸ்பிக்கான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திய பின்னும், பேஜ்மேக்கருக்காகவே ஒரு பழைய கணினியை மூலையில் வைத்திருந்த அச்சகங்கள் உண்டு. இதைச் சோம்பல் என்று சொல்வது சரியன்று. இருபது ஆண்டுப் பத்திரிகை வடிவங்களும் மலர்ப் பக்கங்களும் அந்த ஒரு நிரலில்தான் திறக்கும்.

பழைய வன்வட்டு கையில் இருப்போர்

அகன்ற பட்டை வடம் கொண்ட பழைய வன்வட்டுகளைப் புதிய கணினியின் உள்ளே நேரடியாகப் பொருத்த இடமில்லை. யூஎஸ்பி வழியாக இணைக்கும் மாற்றுக் கருவி கணினிப் பழுது பார்க்கும் கடைகளில் கிடைக்கும். வட்டு டக் டக் என்று ஓசை எழுப்பினால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காமல் நிறுத்திவிட வேண்டும். இயங்கினால், ஆவணங்களை எடுப்பதற்கு முன் விண்டோஸ் அடைவுக்குள் உள்ள எழுத்துரு அடைவை முழுவதும் நகலெடுப்பது நல்லது. கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பது தெரிந்தால்தான் மாற்றியில் சரியான குறியாக்கத்தைத் தெரிவு செய்ய முடியும். பழைய கணினி இன்னும் ஓடுமானால், அதிலேயே ஒவ்வொரு கோப்பையும் ஒருமுறை அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். மாற்றிய பின் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் உதவும்.