மின்வணிகத்தின் பல முகங்கள்: கொச்சி வெலிங்டன் தீவின் தேயிலை ஏலம் உணர்த்துவது என்ன?

கொச்சி: மின்வணிகம் என்றவுடன் கைப்பேசியில் துணிமணி வாங்குவதும், வீட்டு வாசலுக்கு உணவு வரவழைப்பதுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தச் சொல்லின் பொருள் அதைவிட விரிந்தது. பொருள்களையும் சேவைகளையும் மின்னணு வழியில் உற்பத்தி செய்தல், பகிர்ந்தளித்தல், சந்தைப்படுத்தல், விற்றல், ஒப்படைத்தல் ஆகிய அனைத்தையும் மின்வணிகம் என்றே உலக வர்த்தக அமைப்பு 1998-ஆம் ஆண்டு வகுத்த செயல்திட்டம் குறிப்பிடுகிறது. இந்த விரிந்த பொருளை ஒரே இடத்தில் காண விரும்புவோருக்குக் கொச்சித் துறைமுகத்தின் வெலிங்டன் தீவு பொருத்தமான எடுத்துக்காட்டு. அங்குக் கணினித் திரையில் தோன்றும் தேயிலை விலை, தென்னிந்திய மலைச்சரிவுகளில் பசுந்தேயிலை பறிக்கும் சிறு விவசாயியின் வருமானத்தையும் தீர்மானிக்கிறது.

நான்கு வகைகள்

மின்வணிகத்தை, அதில் ஈடுபடுவோரின் அடிப்படையில் நான்காகப் பிரிப்பது வழக்கம். நிறுவனம் நிறுவனத்துக்கு விற்பது முதல் வகை. தேயிலை, ஏலக்காய் மின்னணு ஏலங்கள் இதில் அடங்கும். நிறுவனம் நுகர்வோருக்கு விற்பது இரண்டாம் வகை. இணையக் கடைகளும் பயணச்சீட்டு முன்பதிவும் இதற்கு எடுத்துக்காட்டுகள். நுகர்வோர் தமக்குள் பழைய பொருள்களை விற்றுக்கொள்வது மூன்றாம் வகை. அரசுடன் நடைபெறும் கொள்முதல் நான்காம் வகை. அமைச்சகங்களும் அரசுத் துறைகளும் பொருள் வாங்குவதற்காக 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'ஜெம்' எனப்படும் அரசு மின்சந்தை இவ்வகையைச் சேர்ந்தது.

இவற்றுள் பொதுமக்கள் கண்ணில் அதிகம் படுவது இரண்டாம் வகை. அவர்கள் அறியாமலேயே அவர்களது அன்றாடச் செலவைப் பாதிப்பது முதல் வகை.

தோண்டிய மண்ணில் எழுந்த தீவு

வெலிங்டன் தீவைக் குன்னூரை அடுத்துள்ள ராணுவ நகரான வெலிங்டனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொச்சிக் காயலில், மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே அமைந்த இத்தீவின் பெரும்பகுதி மனிதர்கள் உருவாக்கியது. 1920-ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கடல் முகத்துவாரத்தை மறித்திருந்த மணல்திட்டை வெட்டிக் கப்பல் பாதை அமைத்தார். 1928-ஆம் ஆண்டு மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. காயலை ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணைக் கொட்டியே தீவு விரிவாக்கப்பட்டது. பின்னாளில் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த வெலிங்டன் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

துறைமுக அலுவலகம், சுங்க அலுவலகம், கிடங்குகள் ஆகியவை ஓரிடத்தில் அமைந்ததால் மலைப்பயிர் வணிகமும் இங்கு வேரூன்றியது. 1947-ஆம் ஆண்டு தொடங்கிய கொச்சித் தேயிலை ஏலம், கொச்சித் தேயிலை வணிகச் சங்கத்தின் ஏற்பாட்டில் இத்தீவில் வாரந்தோறும் நடைபெறுகிறது. மூணாறு, வண்டிப்பெரியார், வயநாடு, வால்பாறை, நீலகிரி எனப் பல பகுதிகளின் தேயிலை இங்கு விற்பனைக்கு வருகிறது. தென்னிந்திய வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் பெரிதும் விரும்பப்படும் தூள் தேயிலைக்கு இந்த ஏலம் பெயர் பெற்றது.

சுத்தியலுக்குப் பதிலாகக் கணினி

உலகின் தேயிலை வணிகம் மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் குரலேலத்தை நம்பியே இயங்கியது. லண்டனில் 1679-ஆம் ஆண்டும், கொல்கத்தாவில் 1861-ஆம் ஆண்டும், கொழும்பில் 1883-ஆம் ஆண்டும் ஏலங்கள் தொடங்கின. ஏல மண்டபத்தில் தரகர் மேடையில் அமர்வார். வாங்குவோர் எதிரே அமர்ந்து விலையைக் கூவுவர். சுத்தியல் விழும் கணத்தில் விற்பனை முடியும். ஒரே தொகுதிச் சரக்கை இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வதும் அந்த மண்டபத்திலேயே பேசி முடிவாகும்.

இம்முறையில் விரைவும் நேர்முகத் தொடர்பும் இருந்தன. எனினும் மண்டபத்துக்கு வர இயலாதவர் போட்டியிட முடியவில்லை. யார் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், சிலர் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையை உயரவிடாமல் தடுக்க வாய்ப்பிருந்தது.

இந்நிலையை மாற்றும் முயற்சி தமிழ்நாட்டில் முன்கூட்டியே தொடங்கியது. 2003-ஆம் ஆண்டு குன்னூரில் 'டீசர்வ்' என்ற மின்னணுத் தேயிலை ஏல மையம் அமைக்கப்பட்டது. இந்தியத் தேயிலை வாரியம் 2008-09 காலகட்டத்தில் நாட்டின் ஏல மையங்களில் மின்னணு முறையைப் பரவலாக நடைமுறைப்படுத்தியது. கொச்சியும் அதில் இணைந்தது. ஒரு மையத்தில் பதிவு செய்தவர் பிற மையங்களிலும் வாங்க வழிசெய்யும் அகில இந்திய ஏல முறை 2016-ஆம் ஆண்டு வந்தது. பின்னர், ஜப்பானிய முறையைத் தழுவிய 'பாரத் ஏலம்' தென்னிந்திய மையங்களில் முதலில் நடைமுறைக்கு வந்து வடக்கே சென்றது.

இன்று நடைபெறும் முறை இதுதான்: தொழிற்சாலையிலிருந்து தேயிலை கிடங்குக்கு வருகிறது. தரகர் அதன் மாதிரியை எடுத்து, கொதிநீரில் ஊறவைத்துச் சுவைத்து, மதிப்பீட்டு விலையைக் குறிக்கிறார். மாதிரிகள் வாங்குவோருக்கும் அனுப்பப்படுகின்றன. ஏலப் பட்டியல் கணினியில் பதிவேறுகிறது. குறித்த நாளில், குறித்த நேரத்துக்குள் வாங்குவோர் தத்தம் இடத்திலிருந்தே விலையைப் பதிவு செய்கின்றனர். போட்டியாளர் எவர் என்பது திரையில் தெரிவதில்லை. விற்பனை முடிந்தபின் பணம் தீர்வு வங்கி வழியாகச் செல்கிறது. சரக்கை விடுவிக்கும் ஆணையும் கணினியிலேயே உருவாகிறது.

இந்த வரிசையில் ஒரு கட்டம் மட்டும் மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தேயிலையின் மணத்தையும் சாற்றின் நிறத்தையும் நாவின் உறைப்பையும் அறிய இன்றும் மனிதரே தேவைப்படுகிறார். விலை கேட்கும் முறை மின்மயமானாலும், தரம் அறியும் முறை சுவைப்பாளரின் அனுபவத்திலேயே தங்கியிருக்கிறது.

திரையிலிருந்து தோட்டம் வரை

ஏல விலை வணிகரோடு நின்றுவிடுவதில்லை. சிறு விவசாயிகள் தாம் பறிக்கும் பசுந்தேயிலையைத் தனியார் தொழிற்சாலைகளுக்கோ கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கோ விற்கின்றனர். 2003-ஆம் ஆண்டின் தேயிலை (சந்தைப்படுத்தல்) கட்டுப்பாட்டு ஆணையின்கீழ், அந்தப் பசுந்தேயிலையின் விலை தேயிலையின் சராசரி விற்பனை விலையோடு பிணைக்கப்பட்டுள்ளது. நீலகிரியில் மாதந்தோறும் அறிவிக்கப்படும் குறைந்தபட்சப் பசுந்தேயிலை விலைக்கு ஏல விலையே அடிப்படை.

எனவே ஏலத்தில் ஒரு கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்தால், அடுத்த மாதம் கோத்தகிரியிலோ குந்தாவிலோ ஒரு குடும்பத்தின் வருவாய் குறைகிறது. மின்னணு முறையால் போட்டி பெருகி விலை உயரும் என்பதே அதன் மீதான எதிர்பார்ப்பு. ஏலப் பதிவுகள் துல்லியமாகியுள்ளன. தொலைவிலிருந்து பங்கேற்பதும் எளிதாகியுள்ளது. ஆயினும் உற்பத்தி மிகுதி, தரக் குறைபாடு, ஏற்றுமதித் தேவையின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றை மென்பொருளால் மட்டும் சரிசெய்ய இயலாது. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கோரி, 2023-ஆம் ஆண்டு கோத்தகிரிப் பகுதியில் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தது இதை நினைவூட்டுகிறது.

ஏலக்காயும் மிளகும் தரும் பாடங்கள்

தேயிலையைப் போலவே ஏலக்காயும் மின்னணு ஏலத்துக்கு மாறியுள்ளது. நறுமணப் பொருள் வாரியத்தின் கண்காணிப்பில் தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும், இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் இந்த ஏலங்கள் நடைபெறுகின்றன. அங்கு வணிகர்கள் கணினியின் முன் அமர்ந்தே விலை பதிகின்றனர். ஆனால் மாதிரிக் காய்களைக் கையில் எடுத்து நிறத்தையும் பருமனையும் பார்த்த பின்னரே பொத்தானை அழுத்துகின்றனர். விலை கேட்பவரின் பெயர் வெளிப்படாமல் இருப்பதும், ஒவ்வொரு விற்பனைக்கும் பதிவு இருப்பதும் விவசாயிக்குச் சாதகம்.

மிளகின் அனுபவம் வேறு. வெலிங்டன் தீவுக்கு எதிர்க்கரையான மட்டாஞ்சேரியின் யூதத் தெரு, நெடுங்காலம் மிளகு வணிகத்தின் தலைமையிடம். இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் 1957-ஆம் ஆண்டு முதல் அங்கு மிளகு முன்பேர வணிகத்தை நடத்தி வந்தது. கையசைவும் கூச்சலுமாக நடந்த அந்த வணிகம், 2004-ஆம் ஆண்டு தேசிய அளவிலான மின்னணுப் பரிமாற்றகம் மிளகு முன்பேரத்தைத் தொடங்கிய பின் மெல்ல மெல்லத் திரைக்கு மாறியது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் மிளகின் விலையைக் கேட்க முடிந்தது.

ஆனால் 2012-ஆம் ஆண்டு டிசம்பரில், பரிமாற்றகத்தின் அங்கீகாரம் பெற்ற கொச்சிக் கிடங்குகளில் இருந்த பல ஆயிரம் டன் மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகப் புகார் எழுந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்த இருப்புக்கு முத்திரையிட்டனர். அதன் பின் மிளகு முன்பேர வணிகம் முடங்கியது. திரையில் ஓடிய எண்கள் எவ்வளவு வேகமாயினும், அவற்றுக்குப் பின்னால் கிடங்கில் கிடக்கும் மூட்டை நம்பத்தக்கதாக இல்லாவிடில் சந்தை நிலைக்காது என்பதே மின்வணிகத்துக்கு மட்டாஞ்சேரி கற்பித்த பாடம்.

காகிதம் குறைந்த துறைமுகம்

விற்ற சரக்கைக் கடல் கடக்கச் செய்வதும் மின்வணிகத்தின் ஒரு பகுதியே. முன்பு ஏற்றுமதியாளரின் முகவர் கட்டுக்கட்டாக ஆவணங்களைச் சுமந்து, சுங்க அலுவலகத்தின் மேசை மேசையாகச் செல்ல வேண்டியிருந்தது. இன்று ஏற்றுமதிக்கான கப்பல் சரக்குப் பட்டியலும் இறக்குமதிக்கான நுழைவுப் பட்டியலும் சுங்கத் துறையின் 'ஐஸ்கேட்' தளத்தில் பதிவேற்றப்படுகின்றன. தீர்வையும் இணையம் வழியாகச் செலுத்தப்படுகிறது. 2011-ஆம் ஆண்டு வல்லார்பாடத்தில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டதும், பெட்டகக் கையாளுகை வெலிங்டன் தீவிலிருந்து அங்கு இடம்பெயர்ந்தது. ஆவணங்கள் மின்மயமாவதால், சரக்கு ஓரிடத்திலும் அலுவலகம் வேறிடத்திலும் இருந்து பணியாற்றுவது எளிதாகிறது.

அன்றாட வாழ்வில்

சாதாரணக் குடும்பத்தின் வாழ்விலும் இதே மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. 2002-ஆம் ஆண்டு ரயில் பயணச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்யும் வசதி வந்தபோது, இந்தியர்களில் பலருக்கு அதுவே முதல் மின்வணிக அனுபவமாக அமைந்தது. 2016-ஆம் ஆண்டு அறிமுகமான யுபிஐ பணப்பரிமாற்ற முறை, மீன் விற்பவரையும் தேநீர்க் கடைக்காரரையும் இந்த வலைக்குள் கொண்டுவந்தது. கொச்சியில் 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய நீர்வழி மெட்ரோவுக்குக் கைப்பேசியிலேயே பயணச்சீட்டு பெறலாம்.

அடுத்த கட்டமாக, பெருந்தளங்களின் பிடியிலிருந்து சிறு வணிகரை விடுவிக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. 2021-ஆம் ஆண்டு கொச்சியில் தொடங்கப்பட்ட திறந்த போக்குவரத்து வலைப்பின்னலும் அதன் 'யாத்ரி' செயலியும், இடைத்தரகுக் கட்டணமின்றி ஓட்டுநரையும் பயணியையும் நேரடியாக இணைக்க முயன்றன. இதே சிந்தனையில் உருவான ஓஎன்டிசி எனப்படும் மின்வணிகத்துக்கான திறந்த வலைப்பின்னல், 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐந்து நகரங்களில் சோதனை முறையில் தொடங்கியது. அவற்றுள் கோயம்புத்தூரும் ஒன்று. எந்தச் செயலியில் வாங்குபவரும் வேறு செயலியில் பதிவு செய்த கடைக்காரரிடம் பொருள் வாங்கலாம் என்பதே அதன் அடிப்படை.

நுகர்வோருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

தேயிலை வாங்கும் வணிகருக்கு மாதிரி கையில் கிடைக்கிறது. தரகரின் மதிப்பீடும் கிடைக்கிறது. இணையக் கடையில் வாங்கும் நுகர்வோருக்கு ஒரு படமும் சில வரி விளக்கமும் மட்டுமே உண்டு. அந்தக் குறையை ஈடுசெய்யவே சட்டம் துணை நிற்கிறது.

மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறையில் உள்ளது. 2020-ஆம் ஆண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இறக்குமதிப் பொருளாயின் அது எந்த நாட்டினது என்பதையும் தெரிவிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர வழிசெய்கிறது. விற்பனையாளர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் இவ்வுரிமை பொருந்தும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையவழிப் பண மோசடிக்கு உள்ளானோர் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் அளிக்க வேண்டும்; முன்கூட்டியே தெரிவித்தால் பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு அதிகம். யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் பதிவிடத் தேவையில்லை என்பதையும் மறவாதிருத்தல் நலம். அந்த எண் பணம் செலுத்துவதற்கு மட்டுமே உரியது.

உலகப் போக்கு

லண்டன் தேயிலை ஏலம் 1998-ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று நின்றுபோனது; விற்பனை, தேயிலை விளையும் நாடுகளின் ஏல மையங்களுக்கே பெரிதும் நகர்ந்துவிட்டிருந்தது. கொழும்பு ஏலமோ நூறாண்டுக்கும் மேலாகக் குரலிலேயே நடந்து, பெருந்தொற்று ஊரடங்கின்போது 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் மின்னணு முறைக்கு மாறியது. ஏல மண்டபம் மூடப்பட்ட நிலையிலும் இலங்கைத் தேயிலை விற்பனையாவதற்கு அந்த மாற்றம் வழிவகுத்தது.

கொச்சி, குன்னூர், போடி, கொழும்பு ஆகிய நான்கு சந்தைகளின் அனுபவமும் ஒரே திசையைக் காட்டுகிறது. மின்வணிகம் தூரத்தைக் குறைக்கிறது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பதிவை விட்டுச்செல்கிறது. பணத்தை உரியவரிடம் விரைவாகச் சேர்க்கிறது. தரத்துக்கு உறுதி அளிப்பதும், போட்டி நேர்மையாக நடப்பதைக் கண்காணிப்பதும், கிடைத்த விலையில் உற்பத்தியாளருக்குரிய பங்கு அவரைச் சென்றடையச் செய்வதும் இன்றும் வாரியங்கள், சங்கங்கள், அரசு ஆகியவற்றின் பொறுப்பாகவே உள்ளன.