முன்பணமும் பிரிவு 27உம்

நீண்ட பதிவு. ஒப்பந்தச் சட்ட வரலாற்றில் ஆர்வமுள்ளோரும், இவ்வாண்டு வளாக நேர்காணலில் பணி ஆணை பெற்ற மாணவர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் ஐதராபாத்தில் நான் தங்கியுள்ள ஆய்வாளர் விடுதிக்கு, கணினிப் பயன்பாட்டியல் முதுகலை இறுதியாண்டு மாணவர் ஒருவர் தமக்கு வந்த பணி ஆணையை எடுத்துக்கொண்டு வந்தார். தென்காசிப் பக்கத்துப் பிள்ளை. நான் சட்ட வரலாற்றை ஆய்பவன் என்பதனால் சட்டம் முழுவதும் அறிந்தவன் என்று எண்ணிக்கொண்டார். அந்தத் தவறான மதிப்பை நானும் உடனே திருத்தவில்லை. ஆணையில் இரண்டு நிபந்தனைகள் அவரை உறுத்தின. பணியிலிருந்து விலகிய பின் ஓராண்டுக் காலம் போட்டி நிறுவனம் எதிலும் சேரலாகாது என்பது ஒன்று. இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் விலகினால் பயிற்சிச் செலவாக இரண்டு இலட்ச ரூபாய் செலுத்த வேண்டும் என்பது மற்றொன்று. “அண்ணே, இதில் எது உண்மையாகவே என்னைக் கட்டும்?” என்று கேட்டார்.

முதலாவது பெரும்பாலும் வெற்றுத் தாள்; இரண்டாவதுதான் கட்டும் என்றேன். அவர் வியந்தார். வேலைக்குச் செல்லும் உரிமையையே பறிப்பது செல்லாதாம், பணம் கேட்பது செல்லுமாம், இது எந்த ஊர் நியாயம் என்றார். அந்தக் கேள்விக்குரிய விடையே இப்பதிவு.

1872ஆம் ஆண்டில், ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு நிலப்பகுதிகளில் ஏறத்தாழ ஒரே வாக்கியம் சட்டமாயிற்று. சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையும் வணிகத்தையும் ஒருவர் மேற்கொள்ளாதபடி தடுக்கும் உடன்பாடு, அது தடுக்கும் அளவுக்குச் செல்லாது என்பது அதன் சாரம். இந்திய ஒப்பந்தச் சட்டம் அவ்வாண்டு ஏப்ரலில் நிறைவேறிச் செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வாக்கியம் அதில் பிரிவு 27 ஆனது. கலிஃபோர்னியாவின் உரிமையியல் சட்டத் தொகுப்பு அதே ஆண்டு மார்ச்சில் நிறைவேறியது. அங்கே அவ்வாக்கியம் 1941இல் வணிகம் மற்றும் தொழில்கள் சட்டத் தொகுப்புக்கு இடம்பெயர்ந்து, பிரிவு 16600 என்ற எண்ணோடு இன்றும் உயிரோடிருக்கிறது.

இரண்டுக்கும் மூலம் ஒருவரே. டேவிட் டட்லி ஃபீல்ட் என்னும் நியூயார்க் வழக்கறிஞர், ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் அடர்காட்டை ஒழுங்கான பிரிவுகளாக எழுதிவிட முடியும் என்று நம்பியவர். நியூயார்க் மாநிலத்துக்காக அவர் தலைமையில் உருவான உரிமையியல் வரைவை அம்மாநிலம் கடைசிவரை சட்டமாக்கவில்லை. கலிஃபோர்னியா ஏற்றுக்கொண்டது. கல்கத்தாவில் அமர்ந்து இந்தியாவுக்குச் சட்டம் இயற்றியோரும் அதிலிருந்து எடுத்தாண்டனர். இங்கிலாந்தில் 1711 முதலே நியாயமான அளவில் அமைந்த, இடத்தாலோ காலத்தாலோ வரம்புடைய தொழில் தடையை நீதிமன்றங்கள் அனுமதித்து வந்தன. ஃபீல்டின் வாக்கியத்தில் அந்த நெகிழ்வு இல்லை. வணிகத்தின் நன்மதிப்பை விற்பவர் வாங்கியவருக்குப் போட்டியாகக் கடை போடலாகாது என்பது போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, மற்றவை அனைத்தும் செல்லாதவை. இந்த இரவலுக்காக இந்தியச் சட்டத்தை ஃபிரடெரிக் பொல்லாக் கடுமையாகவே சாடினார்.

இந்திய வாக்கியம் விரைவிலேயே உரைகல்லைச் சந்தித்தது. 1874இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்த்த மாதவ சந்திரர் எதிர் ராஜ்குமார் தாஸ் வழக்கைச் சட்ட மாணவர் ஒவ்வொருவரும் படித்திருப்பர். நகரின் ஒரு பகுதியில் பித்தளைப் பாத்திரத் தொழில் நடத்திய இரு தரப்பினர். போட்டியால் இழப்படைந்த தரப்பு, மற்றவரிடம் அப்பகுதியில் கடையை மூடச் சொல்லிப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டது. அவர் மூடினார், பணம் வரவில்லை, வழக்குத் தொடுத்தார். உடன்பாடு ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே உரியதாயிற்றே, இது நியாயமான தடைதானே என்பது அவர் தரப்பு வாதம். தலைமை நீதிபதி ரிச்சர்டு கவுச் அதை ஏற்கவில்லை. அடுத்த பிரிவான 28இல் ‘முற்றிலும்’ என்ற பொருள்படும் சொல் இருக்கிறது, 27இல் அது இல்லை. ஆகவே பகுதித் தடையும் தடையே என்றார். கடையை மூடியவருக்குக் கடையும் போயிற்று, பணமும் போயிற்று.

பாடநூல்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் தருவதாகச் சொல்லப்பட்ட அந்தப் பணம் என்ன பணம்? மாதவ சந்திரர் தம் தொழிலாளர்களுக்கு அதுவரை கொடுத்து வைத்திருந்த முன்பணத்துக்கு ஈடான தொகை. வணிகரின் போட்டிச் சுதந்திரத்தை நிலைநாட்டிய தீர்ப்பின் அடியில், பெயர் குறிக்கப்படாத கன்னார்கள் முன்பணம் வாங்கி வேலைக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பிரிவு 27 பொருந்தவில்லை. அவர்களுக்கென்று வேறொரு சட்டம் இருந்தது.

அது 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம், அதாவது தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். கல்கத்தா வணிகர் சங்கத்தின் முறையீட்டை ஒட்டிப் பிறந்தது. தொடக்கத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய் என்னும் மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கு உரியதாயிருந்து, பின்னர் பிற இடங்களுக்கும் விரிந்தது. கைவினைஞரோ தொழிலாளியோ கூலியாளோ முன்பணம் பெற்றுக்கொண்டு, தக்க காரணமின்றி வேலை செய்ய மறுத்தால், முதலாளி நடுவரிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பித் தருவதா, வேலையைச் செய்து முடிப்பதா என்பது முறையிட்டவரின் விருப்பம். அந்த ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். உரிமையியல் ஒப்பந்தத்தின் மீறல் சிறைக்குரிய செயலாயிற்று. அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் தென்னிந்தியத் தோட்டங்களிலும் இச்சட்டம் ஓயாமல் பயன்பட்டது. கங்காணி முறையின் உயிர்நாடி முன்பணம்தான் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1925இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டத்தால்தான் இது ஒழிந்தது.

ஆக, 1872இன் இந்தியாவில் இரண்டு சட்டங்கள் அருகருகே வாழ்ந்தன. விற்பதற்குப் பொருளும் கடையும் உடையவனை நோக்கி, உன்னை எவரும் தடுக்க முடியாது என்றது ஒன்று. உழைப்பை மட்டும் உடையவனை நோக்கி, வாங்கிய பணம் தீரும்வரை நகராதே என்றது மற்றொன்று. இதை முரண்பாடு என்று நான் கருதவில்லை. இரண்டும் வணிகரின் நலனையே காத்தன.

இனிக் கலிஃபோர்னியா. 1956இல் வில்லியம் ஷாக்லி மவுண்டன் வியூ நகரில் குறைக்கடத்தி ஆய்வகம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவருடைய பொறியாளர்கள் எண்மர் வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரை நிறுவினர். அங்கிருந்து வெளியேறிய ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் 1968இல் இன்டெலைத் தொடங்கினர். விலகியவரைப் போட்டித் தொழிலில் இறங்காதபடி தடுக்கும் உடன்பாடு அம்மாநிலத்தில் செல்லாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 128ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய நிறுவனங்களுக்கோ அத்தகைய உடன்பாடுகள் கைகொடுத்தன. இரு வட்டாரங்களின் பண்பாட்டு வேறுபாட்டை ஆனாலீ சாக்சேனியன் 1994இல் எழுதினார். அந்த வேறுபாட்டின் வேர் சட்டத்தில் உள்ளது என்று ரொனால்டு கில்சன் 1999இல் வாதிட்டார். கில்சனின் வாதம் கவர்ச்சியானது. அதை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இராணுவக் கொள்முதலும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் துணிகர முதலீடும் இல்லாமல் வெறும் பிரிவு 16600 ஒரு பள்ளத்தாக்கை உருவாக்கியிராது. அதே வாக்கியம் கல்கத்தாவிலும் இருந்ததே!

சட்டம் கதவைத் திறந்து வைத்தால், முதலாளிகள் கதவுக்கு வெளியே கூடிப் பேசுவார்கள் என்பதும் அங்கேதான் அம்பலமாயிற்று. 2005 முதல் 2009 வரை ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி, இன்ட்யூட், பிக்சார், லூகாஸ்ஃபிலிம் ஆகியன ஒருவர் ஊழியரை மற்றவர் தேடிச்சென்று அழைப்பதில்லை என்று தமக்குள் இணை இணையாக உடன்பாடுகள் செய்திருந்தன. ஊழியர் எவரும் இவற்றில் கையொப்பமிடவில்லை. எவருக்கும் தெரியவும் இல்லை. ஆப்பிள் பொறியாளர் ஒருவரைத் தொடர்புகொண்ட கூகுளின் ஆளெடுப்பு அலுவலர் வேலை நீக்கம் செய்யப்பட்ட செய்தி ஸ்டீவ் ஜாப்சுக்கு எட்டியபோது, அவர் எழுதியது ஒரு சிரிப்புக் குறி மட்டுமே. நீதிமன்ற ஆவணங்களில் அது இருக்கிறது. பாம் நிறுவனத்தின் தலைவர் எட்வர்ட் காலிகன் மட்டும், இது சட்டத்துக்குப் புறம்பாக இருக்கக்கூடும் என்று எழுத்திலேயே மறுத்தார்.

அமெரிக்க நீதித்துறை 2010இல் நடவடிக்கை எடுத்தது. ஏறத்தாழ 64,000 ஊழியர் சார்பில் தொடரப்பட்ட கூட்டு வழக்கில், 32.45 கோடி டாலர் சமரசத்தைப் போதாதென்று நீதிபதி லூசி கோ 2014இல் நிராகரித்தார்; மறு ஆண்டு 41.5 கோடி டாலருக்கு முடிந்தது. இதற்கிடையே 2008இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், குறுகிய, நியாயமான தடைக்கும் பிரிவு 16600 இடந்தராது என்று தெளிவுபடுத்தியிருந்தது. கவுச் கல்கத்தாவில் சொன்னதை அவர்கள் சொல்ல 134 ஆண்டுகள் ஆயின என்று நம்மில் சிலர் பெருமை கொள்ளலாம். கொள்வதற்கு முன் நம் நீதிமன்றங்கள் பின்னர் சென்ற பாதையையும் பார்த்துவிட வேண்டும்.

1967இல் நம் உச்ச நீதிமன்றம் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கைத் தீர்த்தது. மகாராட்டிரத்தின் கல்யாணில் அந்நிறுவனம் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தைப் பெற்று டயர் நூல் ஆலை அமைத்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து பயிற்சி பெற்ற முறைப்பணி மேற்பார்வையாளர் ஒருவர், இடையில் விலகிக் கோட்டாவிலுள்ள போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். ஒப்பந்தக் காலத்துக்குள் விதிக்கும் தடை தொழில் தடையாகாது என்று கூறி, எஞ்சிய காலத்துக்கு அவர்மீது தடையாணையை நீதிமன்றம் உறுதிசெய்தது. 1980இல் சூப்பரிண்டென்டன்ஸ் கம்பெனி வழக்கில் விலகலுக்குப் பிந்தைய இரண்டாண்டுத் தடை தோற்றது. ஆயினும் பெரும்பான்மை நீதிபதிகள், அந்த நபர் தாமாக விலகவில்லை, நீக்கப்பட்டவர் என்ற சிறு இடுக்கு வழியாக வெளியேறினர். பிரிவு 27ஐ விரிவாக ஆராய்ந்தவர் ஏ.பி. சென் ஒருவரே. பின்னர் வந்த தீர்ப்புகள் அவர் காட்டிய வழியில் சென்றதால், மாணவரின் முதல் நிபந்தனையை வெற்றுத் தாள் என்று என்னால் சொல்ல முடிந்தது. வெற்றுத் தாளுக்கும் அச்சுறுத்தும் ஆற்றல் உண்டு. விலகும் ஊழியர் ஆறு மாதம் அதே வாடிக்கையாளருக்காகக் குறிப்பிட்ட போட்டி நிறுவனங்களில் பணியாற்றலாகாது என்ற இன்ஃபோசிஸின் நிபந்தனை பற்றிப் புனேயிலுள்ள நைட்ஸ் என்னும் ஊழியர் அமைப்பு 2022இல் ஒன்றிய தொழிலாளர் அமைச்சகத்திடம் முறையிட்டது நினைவிருக்கலாம்.

இரண்டாவது நிபந்தனை வேறு குலத்தது. அது எங்கும் போகாதே என்று சொல்வதில்லை. போவதானால் பணத்தை வைத்துவிட்டுப் போ என்கிறது. ஆகவே பிரிவு 27 அதைத் தீண்டுவதில்லை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் விலகிய அலுவலர் இரண்டு இலட்ச ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றது. தாராளமயத்துக்குப் பின் பொதுத்துறை வங்கிகளும் போட்டியில் நிற்க வேண்டியிருக்கிறது, திறமையாளரைத் தக்கவைக்க இது தேவை என்பது தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. போட்டியைக் காக்கப் பிறந்த பிரிவுக்கு எதிரே, போட்டியையே காரணமாகக் காட்டி இந்நிபந்தனை நிற்கிறது.

பயிற்சிச் செலவு என்பது முன்பணத்தின் புதுப்பெயர் என்பது என் கருத்து. பழைய கன்னாரின் கையில் நாணயமாவது விழுந்தது. இன்று மாணவரின் கணக்கில் எதுவும் வரவு வைக்கப்படுவதில்லை. சில வாரம் வகுப்பறையில் அமர்ந்ததே கடனாக எழுதப்படுகிறது. கடுங்காவல் இல்லை என்பது பெரிய வேறுபாடுதான், அதை மறைக்க மாட்டேன். பிரிவு 74இன்படி, குறித்த தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான ஈட்டை முடிவுசெய்வது நீதிமன்றம். அதையும் மாணவரிடம் சொன்னேன். ஆனால் இருபத்திரண்டு வயதில் யார் நீதிமன்றம் போவார்?

விஜயா வங்கித் தீர்ப்பு வந்த அதே 2025இன் அக்டோபரில், கலிஃபோர்னியா மற்றொரு சட்டம் இயற்றியது. பணியை விட்டு விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற வகை நிபந்தனைகளை, சில விதிவிலக்குகளோடு, 2026 சனவரி முதல் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களில் அது தடைசெய்கிறது. தொழில் தடையை ஒழித்தால் கடன் அதன் இடத்துக்கு வந்து அமரும் என்பதை அங்கே கண்டுகொண்டார்கள். ஒரே ஆண்டில் ஒரே வாக்கியத்தை எழுதிய இரண்டு இடங்கள், மீண்டும் ஒரே ஆண்டில் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கின்றன.

மாணவர் சென்ற வாரம் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டார். ஆணையின் கடைசிப் பக்கத்தில் பிணையாளருக்கென்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். அதில் அவருடைய தந்தை தமிழில் கையொப்பமிட்டிருக்கிறார்.