பிற உலகங்களின் மூச்சு

எபிரெய மொழியிலே காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்றையும் ‘ரூவாக்’ என்னும் ஒரே சொல் குறிக்கும். உயிரையும் மூச்சையும் பிரித்துப் பாராத இவ்வெண்ணம் நமக்கும் அந்நியமானதன்று. ஒருவர் இறந்தால், மூச்சு நின்றது என்கிறோம். ஆகவே, பிற கோள்களில் உயிர்கள் உண்டோ என ஆராய்ந்தோர், அவை எதைச் சுவாசிக்கும் என்னும் வினாவையும் எதிர்கொள்ள வேண்டியவராயினர்.

டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இயற்றிய ‘காஸ்மோதியோரோஸ்’ என்னும் நூல், அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப்பின், 1698இல் வெளிவந்தது. கோள்களில் குடிகள் உண்டென்றும், அங்குள்ள நீர் அவ்வவற்றின் குளிருக்கும் வெப்பத்திற்கும் ஏற்ப வேறுபடலாமென்றும் அவர் வாதிட்டார். சந்திரனிலோ நீரும் காற்றும் இல்லையெனக் கண்டு, நாமறிந்த வகை உயிர்களுக்கு அங்கே இடமில்லை என்றார்.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரித் தலைவரும் குருப்பட்டம் பெற்றவருமான வில்லியம் ஹியூவெல், 1853இல் தம் பெயரை வெளியிடாது எழுதிய நூலில் இதனை மறுத்தார். வியாழனில் உயிர்கள் இருப்பினும், அவை எலும்பற்ற, கொழகொழத்த பிராணிகளாகவே இருத்தல் கூடும் என்பது அவர் கருத்து.

இருவரும் முரண்பட்டனர், எனினும், இருவர் கையிலும் இருந்த அளவுகோல் பூமியில் அவர்கள் கண்ட உயிர்களே. 1861இல் லூயி பாஸ்டர், காற்றின்றியே வாழும் நுண்ணுயிர்களைக் கண்டறிந்தார். நமக்கு உயிரளிக்கும் பிராணவாயு அவற்றுக்கு நஞ்சாயிற்று. பூமியின் காற்றிலும் பிராணவாயு கணிசமாகச் சேரத்தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னரேயாம். அதற்குமுன் நெடுங்காலம் உயிர்கள் அதனை நம்பியிராமலே வாழ்ந்தன.

இவ்வறிவின் பயனாகக் கற்பனையும் ஒழுங்கு பெற்றது. சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் குளிர் சுமார் மைனஸ் 180 டிகிரி செல்சியஸ். அங்கே உயிர்கள் இருப்பின், அவை ஹைட்ரஜனைச் சுவாசித்து, அசெட்டிலீனை உண்டு, மீத்தேனை வெளிவிடக்கூடும் என 2005இல் கிறிஸ் மக்கே, ஹெதர் ஸ்மித் ஆகியோர் கணித்துரைத்தனர். ஹைட்ரஜன் மட்டுமே நிரம்பிய சூழலில் ஈகோலை பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் வளர்ந்தன என்பதை 2020இல் சாரா சீகர் குழுவினர் காட்டினர். டைட்டனிலோ இதுவரை எவ்வுயிரும் காணப்படவில்லை.

ஆதலால் இவ்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. சான்றின்றி எவ்வுலகிலும் உயிர்களைக் குடியேற்றலாகாது. இது ஹியூவெலின் எச்சரிக்கை. நம்மால் மூச்சுவிட இயலாது என்பதனாலேயே ஓர் உலகம் உயிரற்றதெனத் தீர்ப்பளித்தலும் ஆகாது. இது பாஸ்டரின் நுண்ணுயிர்கள் நமக்குக் கற்பித்தது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற்கொள்வோமாக.