தண்ணீரைக் கெடுக்காத மோட்டார் பிறந்த கதை

டிவிஎஸ் 50 ஓட்டிய தலைமுறைக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும். பெட்ரோல் பங்கில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றச் சொல்வோம். வண்டி கிளம்பினால் பின்னால் நீலப்புகை எழும். அந்த ஆயில் எஞ்சினுக்குள் தங்குவதில்லை. எரிந்தும் எரியாமலும் புகையோடு வெளியே போய்விடும். அதே வகை எஞ்சினை ஒரு படகின் பின்பலகையில் மாட்டி, புகைக்குழாயைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் ஆயில் எங்கே போகும்? ஐம்பது அறுபது வருடங்களுக்கு மேலாக உலகத்தின் ஏரிகளிலும் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் அது தண்ணீருக்குள்தான் போனது. படகுத்துறைகளில் வானவில் நிறத்தில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்தவர்கள் அதை ஒரு அழகாகக்கூட நினைத்திருக்கிறார்கள்.

டிங்கி என்கிற சின்னப் படகுக்கு மாட்டும் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் இதை நிறுத்த வந்த இயந்திரம். அதன் பிறப்பைச் சொல்ல அதற்கு முந்தைய பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

படகுக்குள் எஞ்சினைப் பதிக்காமல் வெளியே மாட்டிக் கழற்றலாம் என்ற யோசனை பெட்ரோலுக்கும் மூத்தது. 1881இல் பாரிஸில் குஸ்தாவ் துரூவே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மின்மோட்டாரையும் புரொப்பெல்லரையும் படகின் சுக்கானோடு சேர்த்துப் பொருத்தி, செய்ன் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். மின்கலம் கனமானது, விலையும் அதிகம். யோசனை அங்கேயே நின்றது. 1905இல் அமெரிக்காவில் கேமரூன் வாட்டர்மன் என்ற சட்டக்கல்லூரி மாணவர் மோட்டார்சைக்கிள் எஞ்சினை எடுத்துப் படகில் மாட்டி, டெட்ராய்ட் ஆற்றில் இறக்கினார். அவருடைய மோட்டார் விற்பனைக்கும் வந்தது. ஆனால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது ஓலே எவின்ரூட் செய்த மோட்டார்தான்.

எவின்ரூட் நார்வேயில் 1877இல் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிப்படிப்பு சொற்பம், கையில் தொழில் இருந்தது. ஒரு கோடைநாளில் ஏரித் தீவுக்கு நண்பர்களோடு சுற்றுலா போயிருந்தபோது பெஸ் கேட்ட ஐஸ்கிரீமுக்காக அவர் கரைவரை துடுப்புப் போட்டுப் போய்வர, திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிப்போனது, அதில் பிறந்ததுதான் மோட்டார் யோசனை என்று ஒரு கதை வழங்குகிறது. பெஸ் பின்னால் அவர் மனைவியானார். கதை எவ்வளவு மெய்யோ, 1909இல் வெளிவந்த அந்த மோட்டார் மெய். ஒன்றரைக் குதிரைத்திறன், 62 பவுண்டு எடை, அதாவது சுமார் 28 கிலோ. விலையும் 62 டாலர். படுக்கையாக ஒரு சிலிண்டர், நெட்டுக்குத்தாக ஒரு கிராங்க் தண்டு, கீழே பல்சக்கரம், அதில் புரொப்பெல்லர். இன்று வரை அவுட்போர்டின் எலும்புக்கூடு அதேதான். விளம்பரம், கடிதம், கணக்கு எல்லாம் பெஸ் பார்த்துக்கொண்டார். துடுப்பைத் தூக்கிப் போடச் சொல்லி அவர் எழுதிய விளம்பரம் இல்லாமல் அந்தத் தொழில் எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த மோட்டாரும் டிவிஎஸ் 50 போல டூ ஸ்ட்ரோக். அவர் அதைத் தேர்ந்தெடுத்ததில் பிழை சொல்ல முடியாது. டூ ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை, கேம் தண்டு இல்லை. கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிப்பு. எடை குறைவு, தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம், எப்படிப் படுக்கவைத்தாலும் கவலை இல்லை. எண்ணெய்க்குத் தனித் தொட்டி இருந்தால்தானே ஒழுகும். கையால் தூக்கி மாட்டவேண்டிய ஒரு பொருளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கேடு அதன் மூச்சுவிடும் முறையில் இருந்தது. புதிதாக உள்ளே வரும் பெட்ரோல் கலவைதான் எரிந்த புகையைத் தள்ளி வெளியேற்றுகிறது. உள்வாசலும் வெளிவாசலும் சற்று நேரம் ஒன்றாகத் திறந்திருக்க, தள்ளவந்த கலவையில் ஒரு பகுதியும் கூடவே ஓடிவிடும். கார்புரேட்டர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டில் ஊற்றும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே போகும். இருபத்துநான்கு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர், பிறகு வந்தவற்றில் ஐம்பதுக்கு ஒன்று என்று கலந்த ஆயிலும் அதோடு சேர்ந்துகொள்ளும். சாலையில் இது காற்றில் கலந்து கண்மறைந்துவிடுகிறது. படகில் மீன் வாழும் இடத்துக்கே நேராகப் போகிறது.

இனி கதை ஜப்பானுக்குப் போகிறது. ஹமமட்சு நகரத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் எஞ்சின்களின் ஊர் என்றே சொல்லலாம். ஹோண்டா, சுசுகி, யமஹா மூன்றும் அங்கே முளைத்தவை. பக்கத்திலேயே ஹமனா என்ற பெரிய ஏரி, கடலோடு சேர்ந்த உப்பங்கழி. யமஹா 1960இல் தன் முதல் அவுட்போர்டை வெளியிட்டது. சுசுகி 1965இல். இரண்டும் டூ ஸ்ட்ரோக். நடுவில் 1964இல் ஹோண்டா இறக்கிய ஜிபி30 மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக்.

சோய்சிரோ ஹோண்டாவும் டூ ஸ்ட்ரோக்கில் தொடங்கியவர்தான். போர் முடிந்த கையோடு, ராணுவம் கழித்துப்போட்ட ரேடியோ ஜெனரேட்டர்களின் எஞ்சினை சைக்கிளில் மாட்டி விற்றவர் அவர். 1951இல் கியோஷி கவாஷிமா வடிவமைத்த ட்ரீம் இ வகை மோட்டார்சைக்கிளோடு கம்பெனி ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் திரும்பியது. 1958இல் வந்த சூப்பர் கப், ஐம்பது சிசி அளவிலும் ஃபோர் ஸ்ட்ரோக் நம்பகமாக ஓடும் என்று உலகத்துக்குக் காட்டியது. ஆகவே அவுட்போர்டுக்கு வந்தபோது கையில் தொழில்நுட்பம் தயாராக இருந்தது. அது மட்டும் போதாது, மனமும் வேண்டும். தண்ணீரில் ஓடும் ஒரு வண்டி அந்தத் தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்பது ஹோண்டாவின் நிலைப்பாடு. கம்பெனி இன்றைக்கும் அதைத்தான் காரணமாகச் சொல்கிறது. கம்பெனிகள் தங்கள் பிறப்புக்குப் பிற்பாடு நல்ல காரணம் சூட்டிக்கொள்வது உண்டு. இந்தக் காரணத்தை நான் நம்புகிறேன். 1964இல் படகு மோட்டாரின் புகைக்கு எந்தச் சட்டமும் அவர்களை நெருக்கவில்லை, சந்தையும் கேட்கவில்லை, அப்படியிருந்தும் ஹோண்டா அன்றிலிருந்து டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஒன்றைக்கூடச் செய்ததில்லை.

செய்வது எளிதாகவும் இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் தனியே தொட்டியில் தங்கி, உள்ளே சுற்றிவரவேண்டும். கிராங்க் தண்டு நெட்டுக்குத்தாக நிற்கும் அவுட்போர்டில் அந்த ஆயிலை மேலே இருக்கும் பாகங்களுக்கு ஏற்ற வேண்டும், கீழே ஒழுகாமலும் காக்க வேண்டும். வால்வுகளும் கேம் தண்டும் எடையைக் கூட்டும். ஒரே அளவில் வெடிப்பு இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் என்பதால் வலுவும் குறையும். கனம் கூட, விலை கூட, வேகம் குறைவு. வாங்க வந்தவர் தூக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த டூ ஸ்ட்ரோக்கை வாங்கிப் போனார். யமஹா தன் முதல் ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கொண்டுவர 1984 ஆயிற்று. சுசுகிக்கு இன்னும் பத்து வருடம்.

காற்று திசை மாறியது ஏரிகளால். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் சூழ்ந்த போடன்சே ஏரி லட்சக்கணக்கானவர்களின் குடிநீர். அங்கே படகு எஞ்சின்களின் புகைக்கு 1993இல் வரம்பு வந்தது, 1996இல் அது மேலும் இறுகியது. அதே 1996இல் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதித்த கட்டுப்பாடு 1998இலிருந்து 2006 வரை படிப்படியாக இறங்கியது. அமெரிக்காவின் டாஹோ ஏரி 1999இல் கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்குகளுக்குக் கதவை மூடியது. எவின்ரூட் பெயரைத் தாங்கிய கம்பெனி நேரடியாகச் சிலிண்டருக்குள் எரிபொருள் பீய்ச்சும் புதுவகை டூ ஸ்ட்ரோக்கைச் செய்து தாக்குப்பிடிக்கப் பார்த்தது. அந்த வழியில் அறிவு இருந்தது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் கம்பெனி 2000 டிசம்பரில் திவாலாகி, கைமாறி, 2020இல் எவின்ரூட் மோட்டார் உற்பத்தியே நின்றது.

நம் கரையில் கதை வேறு தடத்தில் போனது. குமரிக் கடற்கரையிலும் கேரளத்திலும் வள்ளக்காரர்கள் ஓட்டியது பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மானிய மண்ணெண்ணெய் அளந்து கிடைக்கும் ஒரு மீனவரிடம் போய் விலை கூடிய மோட்டாரைப் பற்றிப் பாடம் நடத்துவது நியாயமில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டது அதுதான். எரியாமல் போகும் எண்ணெய் அவருடைய காசு, அவருடைய கடல். இரண்டு நஷ்டத்தையும் அவரே சுமக்கிறார். மோட்டாருக்கு மானியம் ஒதுக்குபவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்றைய சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் தன் பழைய குறைகளை ஏறக்குறைய கடந்துவிட்டது. ஹோண்டாவின் 2.3 குதிரைத்திறன் மோட்டார் 57 சிசி; சுமார் பதின்மூன்றரைக் கிலோ, அதாவது எவின்ரூட்டின் முதல் மோட்டாரில் பாதி எடை. காற்றே அதைக் குளிர்விக்கிறது, ஆகவே தண்ணீர் இழுக்கும் பம்ப்பும் இல்லை. ஒரு லிட்டர் டேங்க் அதன் தலையிலேயே இருக்கிறது. கியர் கிடையாது, ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் கிளட்ச் தானே பிடிக்கும், பின்னால் போக மோட்டாரையே திருப்பிக்கொள்ள வேண்டும். படகைத் துறையில் கட்டிவிட்டு ஒற்றைக் கையில் தூக்கிப் போகலாம்.

வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்: படுக்கவைப்பதற்கு ஒரு பக்கம் உண்டு, தயாரித்தவர்கள் குறித்த பக்கம். வேறு பக்கம் சாய்த்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள். பெட்ரோல், அதிலும் எத்தனால் கலந்தது, தேங்கிக் கெட்டு ஜெட்டை அடைத்துக்கொள்ளும்; கிளம்பாத சின்ன மோட்டார்களில் பாதிக்கு நோய் இதுதான். பெட்ரோலில் ஆயில் கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயில் தனி, கால் லிட்டர்தான். முதல் மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதம் அல்லது ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

அப்படி மாற்றும்போது கறுத்த ஆயில் உங்கள் கையில் இருக்கும். டூ ஸ்ட்ரோக் அதை உங்களைக் கேட்காமலே ஏரியில் விட்டது. இது முழுதாகச் சேர்த்துவைத்து உங்களிடம் ஒப்படைக்கிறது. அதைக் கரையில் கொட்டினால் ஹோண்டா பட்ட பாடெல்லாம் வீண். ஒரு பழைய கேனில் ஊற்றி, மூடி இறுக்கி, கழிவு ஆயில் சேர்க்கும் ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள்.