மவுண்ட் ஹெர்மனில் நூறு பேர்

1886 ஜூலையில் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மனில், பிரசங்கியார் மூடி கூட்டின கோடைகால மாநாட்டுக்கு 89 கல்லூரிகளிலிருந்து 251 மாணவர்கள் வந்தார்கள். வேதப்படிப்புத்தான் நோக்கம். வெளிநாட்டு மிஷன் பற்றி முதலில் பெரிசாகப் பேச்சே இல்லை. இந்தியாவில் பிறந்த ரொபர்ட் வைல்டரும் சில நண்பர்களும் மட்டும் தினமும் கூடி அதுக்காகச் செபித்தார்கள். பிறகு ஒரு கூட்டத்தில், பத்து நாடுகளின் சார்பில் மாணவர்களே மும்மூன்று நிமிடம் பேசினார்கள். மாநாடு முடியேக்க 100 பேர் மிஷனரியாகப் போகத் தயார் என்றார்கள். 1888இல் அது மாணவர் தொண்டர் இயக்கமாக வளர்ந்தது.

பெரியவர்களின் நிகழ்ச்சி நிரலை இளைஞர்கள் மாற்றினது எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் 1816 முதல் அமெரிக்க மிஷனைக் கண்ட யாழ்ப்பாணத்திலிருந்து வாசிக்கும்போது ஒரு கேள்வியும் வருது. போகிற ஊருக்கும் சொல்ல நிறைய இருக்கும். அதைக் கேட்க மூன்று நிமிடம் காணுமா? எங்கட முகாம்களிலும் இதைக் கேட்டுப் பார்ப்போம்.